சத்தம் போடாத டாப்பெட்

நான் கிளம்பியது ஒரு புதன்கிழமை. செவ்வாய், வியாழன், சனி மூன்று நாளும் சித்திக்கு மருத்துவமனை ஓட்டம் உண்டு. அதனால்தான் புதனுக்கு டிக்கெட் எடுத்தேன். விமான நிலையத்துக்கு மூன்று மணி நேரப் பயணம். பெட்டியைப் பின்னால் திணித்துவிட்டு முன் இருக்கையில் உட்கார்ந்தேன். சித்தி சாவியைத் திருப்பினாள். வண்டி கிளம்பியதே தெரியவில்லை.

"என்ன சித்தி, வண்டி ஊமையாயிடுச்சா?"

"உனக்காகத்தான்டி வாய மூடிட்டு வருது" என்றாள்.

நான் சிரித்தேன். ஊர் எல்லை தாண்டுவதற்குள் காதில் பாட்டை மாட்டிக்கொண்டு தூங்கிவிட்டேன். வாயில் ஈ நுழைந்திருந்தாலும் தெரிந்திருக்காது. விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டபோது சித்தி ஏதோ சொல்ல வந்தவள்போல நின்றாள். பிறகு, "போய்ச் சேந்ததும் ஒரு வரி போடு" என்றாள். நான் போட்டது பதினோரு நாள் கழித்து.

சித்தி என் அம்மாவின் தங்கை. நாற்பத்தொரு வயதுவரை ஸ்டியரிங்கைத் தொட்டதில்லை. கார் சித்தப்பா வாங்கியது, அதுவும் இரண்டாம் கை. ஆயிரத்து முந்நூறு சிசிக்குச் சற்றுக் குறைவான பெட்ரோல் எஞ்சின். நான்கு சிலிண்டர், எட்டு வால்வு, கார்பரேட்டர். கணினி கிணினி எதுவும் கிடையாது. சித்தப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் போய், வாரம் மூன்று நாள் ரத்தம் சுத்திகரிக்கப் போகவேண்டி வந்தபோது, ஓட்ட ஆள் இல்லை. சித்தி இரண்டு மாதத்தில் கற்றுக்கொண்டாள். போகவர இரண்டு வருடம் ஓடியது. அதற்குள் அதே நேரத்தில் அதே வார்டுக்குப் போகும் மூன்று பேர் பின்சீட்டில் ஏறத் தொடங்கியிருந்தார்கள்.

சித்தப்பா இறந்தது ஒரு சனிக்கிழமை. அடுத்த செவ்வாய் காலை ஐந்து மணிக்கு சித்தி வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வீடு நிறைய சொந்தக்காரர்கள். அம்மா வாசலுக்கு ஓடினாளாம்.

"இன்னிக்குமாடி?"

"அந்த மூணு பேருக்கும் இன்னிக்குத்தானேக்கா?" என்றாளாம் சித்தி.

அப்படி ஆரம்பித்ததுதான் பிறகு அவள் பிழைப்பாகிவிட்டது. மருத்துவமனையே அவளை ஓட்டுநராகப் பதிவு செய்துகொண்டது, ஒரு நிபந்தனையோடு: ஒரே ஒருநாள் வராமல் போனாலும் ஓட்டம் வேன் கம்பெனிக்குப் போய்விடும். நோயாளிகளைக் காக்க வைக்க முடியாது என்பதால் அது நியாயமான நிபந்தனைதான். ஆனால் பழைய பெட்ரோல் வண்டியை வைத்துக்கொண்டு அப்படி வாக்குக் கொடுப்பது, மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்குகிற கதை.

வெயில் காலத்தில் பெட்ரோல் பம்புக்குள்ளேயே பெட்ரோல் ஆவியாகிவிடும். வண்டி நடுரோட்டில் பெருமூச்சு விட்டு நிற்கும். சித்தி தண்ணீர்ப் பாட்டிலும் பழைய துண்டும் எப்போதும் வைத்திருப்பாள். துண்டை நனைத்துப் பம்பின்மேல் போட்டுவிட்டுக் காய்ச்சல்காரனுக்குப் பக்கத்தில் நிற்பதுபோல் இடுப்பில் கைவைத்து நிற்பாள். மழை பெய்தால் டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் ஈரம் இறங்கி வண்டி கிளம்பாது. குளிர்ந்த காலையில் சோக்கை இழுத்துப் பிடிக்கவேண்டும். விட்டால் அணைந்துவிடும், அதிகம் இழுத்தால் பிளக் நனைந்துவிடும். இதெல்லாம் போக, டாப்பெட் சத்தம், அதாவது வால்வுகளைத் தள்ளும் பாகம் தட்டுகிற சத்தம். அந்த எஞ்சினுக்கு அது பிறவிக் குணம். டிக்டிக்டிக் என்று தட்டிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் இருப்பவரோடு பேச வேண்டுமென்றால் கத்தவேண்டும்.

இனி வருவது எனக்கு நான்கு வருடம் கழித்துத் தெரிந்தது. சொன்னவர் சைலன்சர். மெக்கானிக். வாய் ஓயாமல் பேசுவதால் அந்தப் பெயர்.

டாப்பெட் தட்டுவதற்குக் காரணம் ஒரு சின்ன இடைவெளி. எரிந்த புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வுக்கும் அதைத் தள்ளுகிற ராக்கருக்கும் நடுவே, எஞ்சின் ஆறியிருக்கும்போது, மில்லிமீட்டரில் பத்தில் மூன்று பங்கு இடம் விடவேண்டும். சூடேறினால் வால்வு நீளும். நீள இடமில்லையென்றால் அது முழுசாக மூடாது. மூடாத விளிம்பு வழியே நெருப்பு பீய்ச்சியடித்து அதைத் தின்றுவிடும். இது சித்திக்கு நன்றாகவே தெரியும். ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை மெல்லிய தகடுகளை நுழைத்து அவளே அளந்து வைப்பாள்.

நான் கிளம்புவதற்கு முதல்நாள் மாலை, தெரிந்தே, அந்த இடைவெளியைப் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறுக்கினாள். சத்தம் அடங்கியது.

"நான் கேட்டேன்மா" என்றார் சைலன்சர். "என்னக்கா, சத்தம் போடாத டாப்பெட்ட நம்பாதன்னு நீயேதான சொல்லுவன்னேன். ஒரு நாளுக்குத்தான்டா, நாளைக்கு அவகூட மூணு மணி நேரம் போறேன், கத்தாம கொஞ்சம் பேசணும், வந்து திருப்பி வெச்சுடறேன்னாங்க."

நான் தூங்கிய மூன்று மணி நேரம் அது.

வந்ததும் திருப்பி வைத்திருக்கலாம். ஆனால் அன்று மதியம் வீட்டுக்கு வந்தவள் செருப்பைக்கூடக் கழற்றாமல் படுத்துவிட்டாள். மறுநாள் வியாழன், ஓட்டம். திரும்பும்போது பின்சீட்டில் மூன்று பேரும் தூங்கிவிட்டார்கள். நாலு மணி நேரம் ஊசியோடு கிடந்துவிட்டு வருகிறவர்கள். அதுவரை அந்த டிக்டிக்கில் கண்ணை மூடிக்கொண்டு பல்லைக் கடித்தபடிதான் வந்திருக்கிறார்கள். இறங்கும்போது அவர்களில் ஒருத்தியான தையல்காரம்மா சொன்னாளாம்:

"டிரைவரம்மா, இன்னிக்குத்தான் வண்டி மாதிரி இருக்கு. இத்தன நாள் என் மெஷின்மேலயே உக்காந்துட்டு வந்தாப்ல இருந்துச்சு."

அதற்குப் பிறகு எப்படித் திருப்பி வைப்பது? ஞாயிறு வந்தால் அடுத்த ஞாயிறு என்று தோன்றியது. ஸ்பானரை எடுத்து வைத்துக்கொண்டு, பானெட்டைத் திறக்கத் தெம்பில்லாமல் படியில் உட்கார்ந்திருந்ததாக அவளே ஒப்புக்கொண்டாளாம். ஆறு வாரம் போனது.

ஏழாவது வாரம் வியாழனன்று, சிக்னலில் நிற்கும்போது வண்டி நடுங்கியது. மருத்துவமனை ஒரு மேட்டின்மேல் இருக்கிறது. பாதி மேட்டில் வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. சித்தி முதல் கியரில் ஊர்ந்து ஏற்றினாள்.

"நாங்க வேணா எறங்கித் தள்ளட்டுமா?" என்று தையல்காரம்மா கேட்டாள். "ஆளுக்கு அரை கிட்னிகூட இல்ல, ஆனா கை இருக்கு."

"சும்மா வாங்க. என்னையும் சேத்துத் தள்ற மாதிரி ஆயிடும்."

அன்று மதியம் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே பிளக் வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்தாள். முதலாவதைக் கழற்றினால் எஞ்சின் தடுமாறியது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதைக் கழற்றியபோது ஒரு மாற்றமும் இல்லை. இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று மூன்றாவது சிலிண்டர் செத்திருந்தது. சைலன்சர் வந்து பிளக் துளையில் அழுத்தம் காட்டும் அளவியை வைத்துப் பார்த்தார். மற்ற மூன்றும் நூற்றைம்பதுக்குப் பக்கத்தில் காட்டின. மூன்றாவது முப்பதைத் தாண்டவில்லை.

"வால்வு எரிஞ்சுபோச்சுக்கா. ஹெட்ட எறக்கணும்."

"சனிக்கிழம ஓட்டம் இருக்குடா."

"மூணு சிலிண்டர்ல ஓட்டப்போறியா?"

"மூணு பேருதானே" என்றாளாம்.

சனிக்கிழமை நாலே கால் மணிக்கே கிளம்பி, செங்குத்து ஏற்றத்தைத் தவிர்த்து, சந்தைக்குப் பின்னால் சுற்றி மெல்ல ஏறும் பாதையில் போனாள். எல்லோரும் நேரத்துக்கு வார்டில் இருந்தார்கள். மூவரையும் திருப்பிக் கொண்டுவந்து வீட்டில் விட்ட கையோடு பானெட்டைத் திறந்துவிட்டார்கள். செவ்வாய் காலை ஐந்து மணிக்குள் முடியவேண்டும். முடியாவிட்டால் ஓட்டம் போய்விடும்.

எஞ்சினின் மேல்மூடியான ஹெட்டை இறக்கிப் பார்த்தபோது, மூன்றாவது எக்ஸாஸ்ட் வால்வின் விளிம்பில், எலி கடித்த அப்பளம் மாதிரி ஒரு துண்டைக் காணோம். ஞாயிறன்று கடை கிடையாது. திங்கள் பகல் புது வால்வு வந்தது. அது தன் இருக்கையில் கச்சிதமாகப் படிய, பசை தடவித் தேய்க்கவேண்டும். வால்வில் ஒட்டிய குச்சியை இரண்டு உள்ளங்கைக்கு நடுவே வைத்து, மத்து கடைவதுபோல முன்னும் பின்னும் உருட்டவேண்டும். சைலன்சர் பழைய கேஸ்கெட்டைச் சுரண்டிக்கொண்டிருக்க, சித்தி இரண்டு மணி நேரம் கடைந்தாள். நடுவில் அவள் கை நின்றுவிட்டதாம். சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாளாம்.

"ஏன்க்கா, வலிக்குதா?"

"இல்லடா. இது முடியலன்னா நல்லாருக்குமேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு."



முடிந்தது. திங்கள் மாலை ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்பக்கமாக முறைப்படி இறுக்கினார்கள். டாப்பெட்டைப் பத்தில் மூன்றுக்கு வைத்தாள். செவ்வாய் காலை வண்டி தெருவையே எழுப்பிக்கொண்டு கிளம்பியது. பின்சீட்டில் அன்று யாரும் தூங்கவில்லை. யாரும் குறையும் சொல்லவில்லை.

நான்கு வருடம் கழித்து நான் திரும்பி வந்தபோது அதே கார்தான் விமான நிலைய வாசலில் நின்றது. வழியெல்லாம் டிக்டிக்டிக். நான் போன இடங்களைப் பற்றிக் கத்திக் கத்திச் சொன்னேன். சித்தி தலையை ஆட்டிக்கொண்டே வந்தாள். பாதி காதில் விழுந்திருக்காது. சைலன்சர் சொன்ன பிறகு அவளிடம் நேரில் கேட்டுப் பார்த்தேன்.

"அன்னிக்கு என்ன பேசணும்னு இருந்தீங்க சித்தி?"

"அவன் ஒரு ஓட்டவாய். போய்க் குளி, போ."

எனக்கு ஓரிடத்தில் கால் தரிப்பதில்லை. அடுத்த மாதமே வேறு ஊரில் வேலை, ஓர் அறை. அங்கிருந்து அதே கேள்வியைச் செல்பேசியில் எழுதி அனுப்பினேன். பார்த்துவிட்டதாகக் காட்டியது. பதில் இல்லை.

ஏழு மாதம் கழித்து, ஒரு சனிக்கிழமை காலை, ஒரு குரல் பதிவு வந்தது. நாற்பது விநாடி. பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டாப்பெட் தெளிவாகத் தட்டியது.

"நீ கேட்டியே, அதான். பெருசா ஒண்ணுமில்ல. அப்ப வேன் கம்பெனில கூப்ட்டிருந்தாங்க, ஆபீஸ்ல உக்காந்து ஃபோன் எடுக்குற வேலைக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லணும்னாங்க. ரொம்ப அசதியா இருக்கு, போயிடட்டுமான்னு உன்கிட்டக் கேக்கலாம்னு பாத்தேன். நீ நல்லாத் தூங்கிட்டு வந்தியா, எழுப்ப மனசு வரல. அப்புறம் வெள்ளிக்கிழம நானும் தூங்கிட்டேன், ஃபோன் பண்ணவே மறந்துட்டேன். அவ்ளோதான். இரு, தையல்காரம்மா வந்துட்டாங்க. கதவு உள்ளேருந்துதான் தொறக்கும். வெக்கிறேன்."