ஓரிரு இடங்களில்

எங்கள் வீட்டு டிவியில் செய்தி வாசிக்கிறவர்கள் சொல்வதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. எங்களுக்கு வேண்டிய விஷயம் அவர்களுக்குக் கீழே, சிவப்புப் பட்டையில் எழுத்தாக ஓடும். வலப்பக்கம் முளைத்து இடப்பக்கம் மறைவதற்குள் அதைப் பிடிக்க வேண்டும். பிடிக்கத் தெரிந்தவள் அந்த வீட்டில் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு பஸ் நம்பர் தெரியும். அம்மாவுக்கு அதுவும் தேவைப்படவில்லை, பஸ்ஸின் நிறத்தை வைத்தே ஊரைச் சொல்லிவிடுவாள். எங்கள் வம்சத்தில் பள்ளிக்கூடத்துக்குள் போன முதல் ஆள் நான். அப்போது ஆறாம் வகுப்பு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு இன்றைக்கும் கூச்சம் கிடையாது. அன்றைக்கு இருந்த கர்வத்துக்கோ அளவே இல்லை.

"எழுத்து ஓடுது, புடி புடி!" என்று அம்மா கத்துவாள், கூடையிலிருந்து தப்பிய கோழியைப் பிடிக்கச் சொல்வதுபோல.

மரக்காணத்து உப்பளத்தில் சில பாத்திகளைக் குத்தகைக்கு எடுத்து உப்பு விளைவித்தோம். கடலோரம் பிழைத்தாலும் ஊரோடு ஒட்டாத பிழைப்பு அது. மழை வேண்டி அம்மன் கோயிலில் கூழ் ஊற்றினால் நாங்களும் சொம்பை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்போம். கூழை வாங்கிக் குடித்துவிட்டு, மழை வந்துவிடக் கூடாது என்று அதே அம்மனிடம் கும்பிட்டுவிட்டு வருவோம். சித்திரையும் வைகாசியும் இளவேனில் என்று பாடப் புத்தகத்தில் போட்டிருந்தது. அப்பாவிடம் படித்துக் காட்டினேன். "இதுல இன்னா எளசு இருக்குது? முத்தி வெடிக்குதே" என்றார். முற்றிய அந்த வெயில்தான் எங்களுக்குச் சோறு போட்டது. பாத்தியில் தண்ணீர் சுண்ட வேண்டும், வறண்ட காற்று வீச வேண்டும், வானம் வெளுத்துக் கிடக்க வேண்டும். கோடையில் ஒரு மழை திடீரென்று வந்துவிட்டால் வாரி வைத்த உப்பெல்லாம் வந்த வழியே போய்விடும்.

அதனால் சாயங்காலம் வானிலை ஓடும் நேரத்தில் வீடே டிவி முன்னால் உட்காரும். அத்தையும் வந்துவிடுவாள். அப்பாவின் அக்கா. மாமா இறந்த பிறகு, சவுக்குத் தோப்பின் ஓரத்தில் பனையோலைக் கூரை போட்ட வீட்டில் தனியாக இருந்தாள். எங்கள் பாத்தியில்தான் அவளுக்கும் வேலை. தாயில்லாத அப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் என்பதால் அவரை "டேய்" போட்டு அதட்டும் உரிமை ஊரிலேயே அவளுக்கு மட்டும் உண்டு.

அந்த வருஷம் அப்பா ஒரு நீலத் தார்ப்பாய் வாங்கியிருந்தார். அதுவரை உப்புக் குவியலைப் பனையோலை வைத்துத்தான் மூடுவோம். தார்ப்பாய் வந்ததும் அப்பாவின் நடையே மாறிவிட்டது. அதைப் போர்த்திக் கயிறு கட்டிய பிறகு, மூலைக்கு மூலை போய் இழுத்துப் பார்ப்பார். யாராவது அதன்மேல் உட்கார்ந்தால் முகம் கோணும். "கட்டிக்கிட்டவளுக்கு இவ்ளோ நீளத்துல ஒரு பொடவ எடுத்திருப்பியாடா?" என்று அத்தை கேட்டாள். அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். அப்பாவும் சிரித்தார், ஆனால் மூலையை இழுத்துப் பார்ப்பதை நிறுத்தவில்லை. தார்ப்பாயின் அடியில் இருந்தது சாதாரணக் குவியல் அல்ல. கோடை தொடங்கியதிலிருந்து அவர்கள் மூவரும் வாரிச் சேர்த்த மொத்த உப்பும் அது. ஏற்றிப் போக லாரி வர வேண்டியதுதான் பாக்கி.

லாரி வருவதற்கு இரண்டு நாள் முன்னால், சாயங்காலம் எழுத்து ஓடியது. நான் விடாமல் பிடித்தேன்.

"வட கடலோர மாவட்டங்களில் ஓரிரு இடங்களில் பலத்த காற்றுடன் மழை பெய்ய வாய்ப்பு."

"வாய்ப்பாம் வாய்ப்பு" என்றாள் அம்மா. "வேல வாய்ப்புன்னு சொல்ற மாதிரி ஆசையா சொல்லுது பாரு."

அப்பா அதையெல்லாம் கேட்கவில்லை. "அந்த ஓரிரு இடம் எதுன்னு போடுறானா பாரு."

"அப்டியெல்லாம் போட மாட்டாங்கப்பா."

"ஏன் போட மாட்டான்? அவனுக்குத் தெரிஞ்சுதான எண்ணிச் சொல்றான், ஒண்ணு ரெண்டுன்னு? கல்யாணத்துக்கு ஓரிரு பேரு வர்றாங்கன்னா யாருன்னு தெரியாமலா சொல்லுவோம்?"

அதற்குள் அடுத்த எழுத்து வந்தது. வறண்ட மேற்குக் காற்று காரணமாகத் தோப்புகளிலும் கூரை வீடுகளிலும் தீப்பிடிக்கும் அபாயம், பொதுமக்கள் கவனமாக இருக்கவும் என்று படித்தேன்.

அத்தை தொடையைத் தட்டிக்கொண்டு சிரித்தாள். "மழையும் வருமாம், நெருப்பும் புடிக்குமாம். குடுகுடுப்பைக்காரன்கூட ஏதோ ஒண்ண சொல்லிட்டு அரிசி வாங்கினு போவான். ஏ புள்ள, நீ ஒழுங்கா படிச்சியா, இல்ல ரெண்டு வரிய சேத்து கலக்கிட்டியா?"

என் படிப்பைச் சந்தேகப்பட்டதும் எனக்கு அழுகையே வந்துவிட்டது. "ஒரு எழுத்துகூட விடல, வேணும்னா பாரு, ரெண்டும் வரும்!" என்று கத்தினேன். அத்தை என் கன்னத்தைக் கிள்ளி, "வரட்டும்டி, வந்தா உன்ன டிவியிலயே உக்கார வெக்கிறேன்" என்றாள்.

மறுநாள் மத்தியானம் வரைக்கும் வானம் வெளுத்துத்தான் இருந்தது. வழக்கமாக உச்சி சாய்வதற்குள் கடற்காற்று வந்துவிடும். அன்றைக்கு வரவில்லை. மேற்கிலிருந்து அடுப்பைத் திறந்ததுபோல ஒரு காற்று அடித்தது. பாத்திகளில் தண்ணீர் சிறு சிறு சுருக்கமாக ஓடியது. மேற்கு வானத்தின் அடியில் கறுப்பாக ஏதோ திரளத் தொடங்கியது. அப்பா தார்ப்பாயின் கயிறுகளை இன்னொரு முறை இறுக்கினார். "உன் ஓரிரு இடம் நம்ம இடமாத்தான் இருக்கும்போல" என்று என்னைப் பார்த்துச் சொன்னார். எனக்கு மெடல் குத்தியதுபோல இருந்தது.

அப்போதுதான் அம்மா, "ஏங்க, தோப்புல இன்னாங்க பொகையுது?" என்றாள்.

சவுக்குத் தோப்பின் மேற்குப் பக்கம் புகை எழும்பி, எழும்பிய வேகத்திலேயே காற்றில் படுத்து எங்கள் பக்கமாக வந்தது. யார் எதை அணைக்காமல் போட்டார்கள் என்று கடைசி வரைக்கும் தெரியவில்லை. காய்ந்த சவுக்குச் சருகுக்கு அவ்வளவு போதும். தோப்பின் இந்த ஓரத்தில் அத்தையின் ஓலைக் கூரை. அத்தை கையிலிருந்த உப்பு வாரும் பலகையைப் பாத்தியிலேயே போட்டுவிட்டு வரப்பில் ஓடினாள்.

அப்பா ஓடவில்லை. குவியலின் பக்கத்தில் நின்று தோப்பைப் பார்த்தார். பிறகு மேற்கே திரண்ட கறுப்பைப் பார்த்தார். அப்புறம் குனிந்து, தான் இறுக்கிய கயிற்றை அரிவாளால் அறுத்தார்.

"ஐயோ, மழ கறுத்துக்கினு வருதுங்க! அத எடுக்காதீங்க!" என்றாள் அம்மா.

"அந்தக் கோடியப் புடி."

அம்மா ஒரு கணம்தான் நின்றாள். பிறகு சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அந்தக் கோடியைப் பிடித்தாள். இருவரும் தார்ப்பாயைப் பாத்தித் தண்ணீரில் முக்கி, சொட்டச் சொட்ட இழுத்துக்கொண்டு ஓடினார்கள். நான் பின்னால் ஓடினேன். அக்கம்பக்கத்துப் பாத்திக்காரர்கள் தண்ணீர்க் குடங்களோடு வந்துவிட்டார்கள். நான்கைந்து பேராகச் சேர்ந்து அந்த ஈரத் தார்ப்பாயைக் கூரைமேல் வீசி விரித்தார்கள். கூரைக்கு அது சரியாக இருந்தது, அளவெடுத்துத் தைத்ததுபோல. தோப்பிலிருந்து பொறிகள் பறந்து வந்து அதன்மேல் விழுந்தன. விழுந்து, சொய் என்று அணைந்தன. அத்தை குடம் குடமாக ஊற்றிக்கொண்டே இருந்தாள். என்னைத் தூரத்தில் ஒரு பனை மரத்தடியில் நிறுத்தியிருந்தார்கள்.

இடி இடித்தது. முதல் துளிகள் மண்ணில் பொத்துப் பொத்தென்று விழுந்தன.

"மழ வந்திடுச்சுடா!" அத்தை அலறினாள். "எடுத்துக்கினு ஓடு! போய் உப்ப மூடுடா!"

அப்பா தோப்பைப் பார்த்தார். கடைசி வரிசை மரங்களில் நெருப்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது. "இன்னும் பொறி பறக்குதுக்கா."

"பறந்தா பறக்குது! ஓலதான? எரிஞ்சா வேற போட்டுக்கறேன்! ஓடுடா, சொல்றேன்ல!"

"இருக்கட்டும்" என்றார் அப்பா. தார்ப்பாயின் மூலையை விடாமல் பிடித்துக்கொண்டு அங்கேயே நின்றார்.

அதற்குப் பிறகு பெய்ததைத் துளி என்று சொல்ல முடியாது. வானம் அப்படியே இறங்கியது. தோப்பின் நெருப்பு புகையானது, புகை ஆவியானது. கடைசிப் பொறியும் அணைந்ததைப் பார்த்த பிறகுதான் அப்பா மூலையை விட்டார். தார்ப்பாயை உருவிக்கொண்டு எல்லோரும் பாத்திக்கு ஓடியபோது, என்னைவிட உயரமாக நின்ற குவியல் என் முழங்கால் உயரத்துக்கு இறங்கியிருந்தது. அதன் வெள்ளை நாலு பக்கமும் வழிந்து சேற்றோடு போய்க்கொண்டிருந்தது.

நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? மழையில் குதித்தேன். "சொன்னேன்ல! ரெண்டும் வரும்னு சொன்னேன்ல! ஒரு எழுத்துகூட விடல!" என்று கத்திக்கொண்டு எங்கள் வரப்பிலேயே குதித்தேன். அம்மா என்னை அடிக்கக் கையை ஓங்கினாள். அப்பா இடையில் வந்து என்னைத் தூக்கிக்கொண்டு, "எம் பொண்ணு படிச்சா படிச்சதுதான்" என்றார்.

மழை விட்டதும் அத்தை வந்தாள். மிச்சமிருந்த உப்பைப் பார்த்தாள். அப்பாவின் முதுகில் இரண்டு கையாலும் மாறி மாறி அடித்தாள். "பாவி, பாவி, ஒரு கூரைக்காடா?" என்று கேட்டுவிட்டு வரப்பில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி அழ ஆரம்பித்தாள். அப்பா சிரித்தார். முதுகைத் தேய்த்துக்கொண்டே, "உன் கை இன்னும் அப்டியேதான்க்கா இருக்குது" என்றார். அம்மா ஈரத் தார்ப்பாயை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. வீடு தப்பியவள் அழுகிறாள், உப்பைத் தொலைத்தவர் சிரிக்கிறார். பெரியவர்களுக்கு நடந்தது சரியாகப் போய்ச் சேரவில்லை, இரண்டையும் மாற்றிப் புரிந்துகொண்டிருக்கிறார்கள் என்று நினைத்தேன். படித்தவள் நான்தானே, நான்தானே விளக்க வேண்டும்? அத்தையின் முன்னால் போய்க் குந்தினேன்.

"அத்த, உன் வீடு எரியல. போனது அப்பாவோட உப்பு. அழ வேண்டியது அவரு" என்று நிறுத்தி நிறுத்தித் தெளிவாக எடுத்துச் சொன்னேன்.

அத்தை என்னை இழுத்து ஈரச் சேலையோடு அணைத்துக்கொண்டு, முன்னைவிடச் சத்தமாக அழுதாள். இவளுக்கு இன்னும் புரியவில்லையே என்று எனக்குப் பரிதாபமாக இருந்தது.