வெர்மொன்ட் பாடம்

வெர்மொன்டில் இருக்கும் அண்ணைக்கு இருதய ஒப்பரேசன் என்று அவரே தொலைபேசியில் சொன்ன அன்று, நான் துறைமுகப் பக்கத்து வேர்ஹவுஸில் இரண்டு ஷிப்ட் அடுத்தடுத்துச் செய்துவிட்டு வந்திருந்தேன். சப்பாத்தைக் கழற்றக்கூட உடம்பில் சீவன் இல்லை. "நீ மினக்கெட்டு வரவேண்டாம் தம்பி, உனக்கு வேலையெல்லே," என்றார் அண்ணை. எனக்கும் அது வசதியாகத்தான் இருந்தது.

மனைவி விடவில்லை. "திங்கள் வெட்டுறாங்கள். அதுக்கு முதல் நீங்கள் அவற்ற முகத்தைப் பாக்கவேணும். சனிக்கிழமை போறம்."

மொன்றியலில் இருந்து அமெரிக்க எல்லைக்கு ஒரு மணித்தியாலம்கூட இல்லை. ஆனால் அவளுக்கு எல்லை என்றால் பரீட்சை. கனேடியக் குடியுரிமைப் பரீட்சைக்கு நாங்கள் ஒன்றாகத்தான் போனோம். அவள் பாஸ், நான் பெயில். ஏதோ ஒரு மாகாணத்தின் தலைநகரை மாற்றிப் போட்டுவிட்டேன்; இரண்டாம் தரம் எழுதித்தான் தப்பினேன். அன்றிலிருந்து, யூனிபோர்ம் போட்ட ஆருக்கு முன்னால் போனாலும் பாடமாக்கிக்கொண்டு போகவேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம்.

"இந்த முறையும் அங்க போய் முழிச்சுக்கொண்டு நிக்கப் போறியளே?" என்று கேட்டுவிட்டு, பிரிட்ஜ் கதவில் ஒரு தாளை ஒட்டினாள். வெர்மொன்டின் தலைநகர் மொன்ட்பீலியர். அமெரிக்க மாநிலத் தலைநகர்களில் ஆகச் சனம் குறைந்தது அதுதான். தெருவோரத்தில் பெரிய விளம்பரப் பலகை வைக்கச் சட்டம் விடாது. அந்த நாட்டிலேயே ஆகக் கூடுதலாக மேப்பிள் மரத்துச் சீனிப்பாணி காய்ச்சுவது அங்கேதான். அமெரிக்காவோடு சேர முதல் பதினாலு வருசம் தனி நாடாக இருந்தது.

"எடுத்த தனி நாட்டை ஆரும் திருப்பிக் குடுப்பினமே?" என்றேன்.

"பகிடி விடாமல் பாடமாக்குங்கோ."

மகள் பிரெஞ்சுப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை. "வெர் எண்டா பச்சை, மொன் எண்டா மலை. இதையுமா அப்பா பாடமாக்கோணும்?" என்று சிரித்தாள். எனக்குச் சிரிக்கவும் அலுப்பு. பெட்டிகளைத் தூக்கித் தூக்கி அடுக்கும்போதும் மொன்ட்பீலியர், மொன்ட்பீலியர் என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை காலை எல்லையில் நல்ல வரிசை. எங்கள் முறை வந்தது. அதிகாரி பாஸ்போர்ட்டுகளை வாங்கி, எங்கே போகிறீர்கள் என்று ஆங்கிலத்தில் கேட்டார். அண்ணையைப் பார்க்க, ஆஸ்பத்திரிக்கு என்று சொல்லி, அவரின் விலாசத்தையும் நீட்டினேன். தலைநகர் நாக்கு நுனியில் நின்றது.

கடைசியாக அவரை எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டார்.

நான் முழித்தேன். முதலில் குடியுரிமைப் பேப்பர் சரிவரவில்லை. பிறகு ஷிப்ட். பிறகு கொரோனா. அதெல்லாம் முடிந்த பிறகு களைப்பு. ஒரு ஞாயிறு கிடைத்தால் படுத்துவிடுவேன். அவரும் ஒரு ரெஸ்டோரன்ட் குசினியில் அடுப்புக்கு முன்னால் நின்று நின்று களைத்த மனிசன். "வாறன் அண்ணை" என்று நான் சொல்வதும், "ஓம், ஆறுதலா வா" என்று அவர் சொல்வதுமாகவே காலம் போய்விட்டது.

"எங்கள் கலியாணத்தில்," என்று மனைவிதான் பதில் சொன்னாள். "பதினாறு வருசத்துக்கு முதல்."

அதிகாரி அண்ணையின் விலாசத்தைத் திரும்பவும் பார்த்தார். இது உங்கள் வீட்டிலிருந்து இரண்டு மணித்தியாலம்தானே என்றார். தலையாட்டினேன். பிறகு குனிந்து, பின்சீற்றில் இருந்த மகளிடம் வயதைக் கேட்டார். பதினாலு. பெரியப்பாவை உனக்குத் தெரியுமா?

"இல்லை," என்றாள் பிள்ளை. சாதாரணமாகத்தான் சொன்னாள்.

அவர் வேறொன்றும் கேட்கவில்லை. பாஸ்போர்ட்டுகளை என் கையில் தந்து, போங்கள் என்றார். எனக்கு வெட்கமாய்ப் போய்விட்டது. கொஞ்சத் தூரம் போனதும் கண்ணீர் கண்ணை மறைத்தது. காரை ஓரங்கட்டப் பார்த்தேன்.

"நிப்பாட்டாதேங்கோ," என்றாள் மனைவி. "பேந்து அழலாம். இப்ப ஓடுங்கோ, அந்த மனிசன் விடியவில இருந்து வாசலைப் பாத்துக்கொண்டு கிடக்கும்."