அல்கோர் பாண்டாவும் என் இடது கையும்

பாண்டாவைப் பார்க்க வேண்டுமென்றால் சீனாவுக்குத்தான் போக வேண்டும் என்று நினைத்திருந்தேன். தோஹாவுக்கு வடக்கே, அல்கோர் பூங்காவில், எங்கள் தொழில்பேட்டையிலிருந்து பஸ் மாறிப் போகிற தூரத்தில் இரண்டு இருக்கின்றன என்று எங்கள் கேம்ப் அறையின் மூத்தவர்தான் கண்டுபிடித்தார். குமரிக் கடற்கரைக்காரர், லாரி டிரைவர். அறை முழுக்க அவருக்கு அண்ணாச்சி என்றுதான் பேர். வருகிற வெள்ளிக்கிழமைக்குப் போனில் மூன்று பேருக்குப் பதிவு செய்தார். அவருக்கு, எனக்கு, என் தலைக்கு மேலே படுக்கிற ராமநாதபுரத்துக்காரனுக்கு.

பதிவு செய்தது ஒரு சனிக்கிழமை. அந்த வாரத்தின் நடுவில் ராமநாதபுரத்துக்காரன் என்னைக் கடித்தான்.

கடி என்றால் கடிதான். இடது முழங்கைக்குக் கீழே, சதை தடித்திருக்கிற இடத்தில், மேல்வரிசையும் கீழ்வரிசையும் சந்திக்கிற ஆழத்துக்கு. வாயில் என் ரத்தத்தோடு அவன் நிமிர்ந்தபோது குக்கர் மூடியால் அவன் புருவத்தில் அடித்தேன். தோல் இரண்டாகப் பிரிந்தது. தரையில் கொட்டிய பருப்பின் மேல் இருவரும் வழுக்கி விழுந்தோம். விழுந்த பிறகும் அடித்துக்கொண்டோம். அவன் கழுத்து நரம்பு என் விரலுக்கடியில் துடித்ததும், அதை இன்னும் அழுத்த வேண்டும் என்று என் விரல் ஆசைப்பட்டதும் நினைவிருக்கிறது. எங்களைப் பிரிக்க நான்கு பேர் வேண்டியிருந்தது.

காரணம் ஒரு படுக்கை விரிப்பு. தொழிலாளர் கேம்பில் ஒவ்வொரு கட்டிலைச் சுற்றியும் விரிப்பைத் திரையாகக் கட்டிக்கொள்வோம். எட்டுப் பேர் அறையில் அதுதான் ஒருவனுடைய வீடு. அதற்குள்தான் அவன் மனைவியோடு பேசுவான், சாமி கும்பிடுவான், கிழிந்த உள்ளாடையைத் தைப்பான். தீப்பிடித்தால் ஆபத்து என்று அரசுச் சோதனைக்கு முன்பு, கேம்பை மேய்க்கிற கேம்ப் பாஸ் வந்து எல்லாத் திரைகளையும் கத்தியால் அறுத்துப் போட்டான். தீ விஷயத்தில் அவன் சொன்னது நியாயம்தான். ஆனால் அன்றிலிருந்து அறை வேறு மாதிரி எரிந்தது. செருப்புக்குச் சண்டை, சார்ஜருக்குச் சண்டை. முதுகைச் சொறிந்தால் ஏழு பேர் பார்க்கிறார்கள். இருமினால் ஏழு பேர் முகம் சுளிக்கிறார்கள். வெளியே வெயில் தகரத்தைப் போட்டு அறைந்துகொண்டிருந்தது. உள்ளே ஏசி, நாள்பட்ட நோயாளி மாதிரி முனகியது.

கடித்த அன்று நான் துண்டை எடுக்க எழுந்து நின்றேன். நின்றால் என் கண் நேராக மேல் கட்டிலில்தான் இருக்கும். அங்கே அவன் போனைப் பார்த்து, சத்தமில்லாமல், உதடு கோணி அழுதுகொண்டிருந்தான். நான் பார்த்தேன்.

"என்னடா பாக்குற?"

"ஒண்ணுமில்ல."

"சினிமாவா ஓடுது இங்க? என்னடா பாக்குற நாயே!"

அவன் குதித்தான். அவ்வளவுதான்.

அன்று மருந்துக்கடையில் கட்டுப் போட்டுக்கொண்டு வந்து அறையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். சனிக்கிழமை காலை கேம்ப் பாஸிடம் எழுதிக் கொடுப்பேன். கடித்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தேன். புகார் போனால் போலீஸ், போலீஸ் வந்தால் விசா கேன்சல், அவன் ஊருக்கு. எல்லோருக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். அவன் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

அண்ணாச்சி மட்டும் வேறு கவலையில் இருந்தார்.

"பின்ன, வெள்ளிக்கிழமைக்கு உள்ள புக்கிங்கு என்னாவும்?"

"அண்ணாச்சி, இவன் என்னைக் கடிச்சிருக்கான்!"

"கடிச்சா என்னலே? மூணு பேருக்கு எடுத்தாச்சு, வேஸ்டாப் போவப்பிடாது. பாண்டாவப் பாத்துட்டு வந்து சனிக்கிழம கேஸ் குடு. ஆரு வேண்டாம்னா?"

எப்படித் தலையாட்டினேன் என்று இன்றைக்கும் புரியவில்லை. வாரம் முழுக்கக் குளிர்பதனக் கிடங்கில் காய்கறிப் பெட்டி அடுக்குகிறவனுக்கு வெள்ளிக்கிழமை என்று ஒன்றுதான் இருக்கிறது. அதை ஒரு கடிக்காக விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை. அவனும் அப்படித்தான் வந்திருப்பான்.

பஸ்ஸில் அண்ணாச்சி நடுவில் உட்கார்ந்தார். நெடுஞ்சாலையின் இரண்டு பக்கமும் வெள்ளையாக வெந்த மண். கட்டுக்குள் கை விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வொரு தெறிப்புக்கும் மனதுக்குள் அவனை ஒருமுறை அடித்தேன். ஜன்னல் கண்ணாடியில் அவன் நிழல் தெரிந்தது. புருவத்தில் போட்டிருந்த தையலை விரலால் தடவி, தடவிய விரலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அல்கோரில் இறங்கினால் புல், மரம், குழந்தைகள். பாண்டா இருக்கும் கட்டடத்துக்குள் கால் வைத்ததும் குளிர் முகத்தில் வந்து ஒட்டியது. எங்கள் கிடங்குக் குளிர் கொல்லுகிற குளிர். இது வளர்க்கிற குளிர். வரிசையில் எங்களுக்கு முன்னால் ஒரு தமிழ்க் குடும்பம். சின்னப் பெண் திரும்பித் திரும்பி என் கைக்கட்டைப் பார்த்தாள்.

"மம்மி, லுக்! அந்த அங்கிளை பாண்டா பைட் பண்ணிடுச்சா?"

அம்மாக்காரி அவள் வாயைப் பொத்தினாள். எனக்குப் பின்னாலிருந்து ராமநாதபுரத்துக்காரன் குனிந்து, ரொம்ப மரியாதையாகச் சொன்னான்.

"இல்ல பாப்பா. மாமாதான் கடிச்சேன்."

அந்தக் குடும்பம் வரிசையில் எங்களுக்குப் பின்னால் போய்விட்டது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அது உட்கார்ந்திருந்தது. பொம்மைக் கடையில் பார்த்த முகமேதான். கையில் ஒரு மூங்கில். இந்த மூங்கில்கூடச் சீனாவிலிருந்து விமானத்தில் வருகிறது என்று யாரோ சொன்னார்கள். அது மூங்கிலை வாயோரம் வைத்துக் கடித்தது. 'டக்' என்று ஒரு சத்தம். கணு நொறுங்குகிற சத்தம். என் கை தானாகப் பின்னால் இழுத்துக்கொண்டது. அந்த மெத்துமெத்தென்ற கன்னத்துக்குள் அப்படி ஒரு தாடை இருக்கும் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை. தோலை உரித்து, பிளந்து, முறித்து, மென்று துப்பி, அடுத்ததை எடுத்தது. ஊரே நின்று "ஆ, க்யூட்" என்றது. எனக்கு வியர்த்தது.

இன்னொன்று சுவருக்கு அந்தப்புறம் தனியாக இருந்தது. கண்ணாடிப் பக்கம் முதுகைக் காட்டி, எத்தனை போன்கள் நீண்டாலும் திரும்பாமல். ராமநாதபுரத்துக்காரன் அதன் முன்னால்தான் நின்றான், வெகுநேரம். பிறகு அங்கே நின்ற நேபாளிக் காவலாளியிடம் தன் உடைந்த இந்தியில், இரண்டையும் ஏன் ஒரே அறையில் விடவில்லை என்று கேட்டான்.

"பாய், தோனோ ஏக் ரூம் மே க்யூ நஹி?"

காவலாளி சிரித்தான். "ஏக் ரூம் மே டாலேகா தோ மார் தேகா."

"தோனோ ஏக் காவ் கா ஹை நா?"

"ஏக் காவ் கா ஹை. தோ க்யா?"

ஒரே ஊர்தான், அதனாலென்ன, ஒரே அறையில் விட்டால் கொன்றுவிடும். அண்ணாச்சி அதைத் தமிழாக்கி எனக்குச் சொல்ல வாயெடுத்து, எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்து, வாயை மூடிக்கொண்டார். பிறகு தாங்க முடியாமல், "ஒரு கரடிக்கு ஒரு ரூம், கேட்டியா?" என்றார்.

வெளியே, பஸ் நிறுத்தத்தில், குளிரிலிருந்து வந்த உடம்பை வெயில் செருப்பால் அடித்தது. அண்ணாச்சி தண்ணீர் வாங்கப் போனார். நாங்கள் இருவர் மட்டும்.

"நாளைக்குப் போறியா?" என்றான், சாலையைப் பார்த்தபடி.

"போவேன்."

"அன்னிக்கு நீ கண்ண எடுத்திருந்தா ஒண்ணுமில்ல."

"எங்கடா எடுக்கறது? எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒருத்தன் இருக்கான்."

"என்னைப் பாக்காத. அவ்வளவுதான் சொல்றேன். செத்தாலும் பாக்காத."

சொல்லிக்கொண்டே என் கையைப் பிடித்தான். கட்டின் மேலேயே பிடித்தான். விரல்கள் இறங்கின. வலியில் கண் இருட்டியது. என் வலது கை அவன் புருவத் தையலுக்குப் போயிருந்தது. நகம் நூலில் பட்டது. ஒருவர் இழுத்தால் போதும், இரண்டும் பிய்ந்துவிடும். யாரும் இழுக்கவில்லை. யாரும் விடவுமில்லை. அவன் மூச்சில் அன்றைய பருப்பு வாசனை வந்ததா, எனக்கு அப்படித் தோன்றியதா, தெரியாது.

"எலேய்!" அண்ணாச்சி ஓடிவந்து இரண்டு பேர் தலையிலும் பாட்டில் தண்ணீரைக் கவிழ்த்தார். "நடுரோட்டுல பிடிச்சானுவன்னா மூணு பேரையுமில்லா ஏத்தி அனுப்புவான்! எனக்கு லீவு கெடக்குலே!"

திரும்பும் பஸ்ஸில் தலையிலிருந்து தண்ணீர் சொட்ட உட்கார்ந்திருந்தேன். தொழில்பேட்டையின் வொர்க்‌ஷாப்புகள், டயர் மலைகள், கேம்ப் சுவர்கள் வரத் தொடங்கின. அந்த இரண்டாவது பாண்டாவின் முதுகு மட்டும் கண்ணைவிட்டுப் போகவில்லை.

சனிக்கிழமை காலை கேம்ப் வாசலில் கம்பெனி பஸ் நின்றது. கேம்ப் பாஸின் அறையும் அங்கேதான். புகார், கட்டில், டியூட்டி மாற்றம், எல்லாவற்றுக்கும் அந்த ஒரு கதவு. நான் அதை நோக்கி நடந்தபோது அவன் பஸ் படியில் ஒரு காலை வைத்து நின்றான். ஏறவில்லை. கை முஷ்டியாக இருந்தது. அண்ணாச்சி லாரிச் சாவியோடு தூரத்தில் நின்று சிலுவை போட்டுக்கொண்டார்.

உள்ளே போனேன். கைக்கட்டைப் பார்த்து, "என்ன ஆச்சு?" என்றான் பாஸ்.

"குக்கர் சுட்டுடுச்சு சார். எனக்கு நைட் டியூட்டி வேணும்."

அவன் நிமிர்ந்து பார்த்தான். கிடங்கில் இரவு டியூட்டியைக் கேட்டு வாங்குகிறவன் எவனும் கிடையாது. "எத்தனை நாளைக்கு?"

"எப்பவும்."

இப்போது அப்படித்தான் நடக்கிறது. அவனுக்குப் பகல், எனக்கு இரவு. நான் வரும்போது அவன் போயிருக்கிறான், அவன் வரும்போது நான். மேல் கட்டிலில் அவனுடைய ஈரத்துண்டு தொங்கும். அறையில் அவன் சோப்பு வாசனை நிற்கும். அவனும் என் பீடி வாசனையில்தான் நான் இருப்பதைத் தெரிந்துகொள்வான் போலிருக்கிறது. போட்டோவை அழிக்கவில்லை. கையில் தழும்பு, பிறைநிலா இரண்டை எதிரெதிரே வைத்ததுபோல.

போன வாரம் இரவு டியூட்டி பஸ் பழுதாகி, பகல் ஆட்களை இறக்குகிற பஸ்ஸிலேயே நாங்கள் ஏற வேண்டியிருந்தது. நான் ஏறும் படியில் அவன் இறங்கினான். முகத்துக்கு முகம். இருவர் கைகளும் முஷ்டியாக மூடிக்கொண்டன.

அவன் எனக்கு முதுகைக் காட்டிப் பஸ் கம்பியைப் பார்த்து நின்றான். பக்கவாட்டில் கொஞ்சம் இடம் இருந்தது. நான் வேறெங்கும் பார்க்காமல், அவனைத் தாண்டி ஏறினேன்.