முப்பத்தெட்டாம் வரிசை லவான்

மெர்ல் டிட்மரின் சவப்பெட்டிமேல் யாரோ நாரைகள் என்கிற பல்கலைக்கழகப் பந்தாட்ட அணியின் பச்சைக் கொடியைப் போர்த்தி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்ததுமே அவன் மனைவி லவானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சாவுச் சடங்கில் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். பாதிரியார் அதோடு விட்டாரா?

"நம்ம மெர்ல் இப்போ யார் தலையும் மறைக்காத இடத்துல உக்காந்து ஆட்டம் பாத்துக்கிட்டிருப்பாரு," என்றார். கோயிலே அழுகையும் சிரிப்புமாக ஆனது.

"தூங்கிக்கிட்டிருப்பான்," என்றாள் லவான்.

பக்கத்தில் இருந்த மகன் டேரல் முழங்கையால் இடித்தான். "அம்மா! இன்னிக்காவது."

அவள் சொன்னதில் பொய் இல்லை. மெர்ல் நல்லவன். ஊர்ப் பெரிய தெருவில் மரச்சாமான் கடையில் முப்பது வருஷம் விற்பனையாளனாக இருந்தவன். யாரையும் ஒரு சொல் சுடச் சொன்னதில்லை. ஆனால் பந்தாட்டத்துக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. இடைவேளைக்கு முன்பே தொப்பியை மூக்குவரை இழுத்துவிட்டுக்கொண்டு உறங்கிவிடுவான். எண்பதாயிரம் பேர் எழுந்து நின்று கூவும்போது அப்படித் தூங்க ஒரு வரம் வேண்டும்.

ஆட்டம் லவானுடையது. சோளக்காட்டுப் பண்ணையில், மாட்டுத் தொழுவத்து ரேடியோவில் கேட்டே ஒன்பது வயதில் அணி முழுவதையும் சட்டை எண்ணோடு ஒப்பிப்பாள். அப்பா இரண்டு அண்ணன்மார்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு சனிக்கிழமைதோறும் கேஸ்வெல் மைதானத்துக்குப் போவார். "பொம்பளப் புள்ளைக்கு அங்க என்ன வேலை?" என்று இவளை விட்டுவிட்டுப் போவார். திரும்பி வந்த அண்ணன்களிடம், "கடைசிக் கால்பகுதி ஆட்டத்துல எதுக்கு இடப்பக்கமே ஓடினாங்க?" என்று கேட்டால் முழிப்பார்கள். தின்றதைத்தான் சொல்லத் தெரியும் அவர்களுக்கு.

எண்பத்தொன்றில் மைதானத்தை விரித்துக் கட்டி, ஆட்டத்துக்கு ஆட்டம் அதே ஆளுக்கே சொந்தமான வருஷ இருக்கைகளைப் புதிதாகக் கொடுத்தபோது, ஆறு மாத வயிற்றோடு மழையில் ஐந்து மணி நேரம் வரிசையில் நின்றது லவான்தான். ஜன்னலுக்குள் இருந்தவர் பேனாவைத் தூக்கிக்கொண்டு, "வீட்டுக்காரர் பேரு?" என்றார். கால் வீங்கியிருந்தது. சொல்லிவிட்டாள். இருபத்திரண்டாம் பகுதி, முப்பத்தெட்டாம் வரிசை, ஏழும் எட்டும். மெர்ல் டிட்மர்.

பிறகு மூன்று முறை பெயர் மாற்றப் படிவம் வாங்கி வந்து சாப்பாட்டு மேசையில் வைத்தாள். "அதுக்கென்னடி அவசரம்? நான் எங்க ஓடிப்போகப் போறேன்?" என்பான் மெர்ல். படிவம் மின்சார ரசீதுகளுக்கு அடியில் போய்விடும்.

அதுகூடப் பரவாயில்லை. சனிக்கிழமை ஆட்டம் முடிந்து காரில் வரும்போது அவள் புலம்புவாள்: "இடப்பக்கத் தடுப்பு ஆள் கால் தூக்கறதுக்குள்ள எதிராளி உள்ள வந்துடறான், இவனை வச்சிக்கிட்டு எப்படி?" திங்கட்கிழமை முடிவெட்டும் கடையில் மெர்ல் அதையே, அட்சரம் பிசகாமல், தன் கருத்தாகச் சொல்வான். அங்கே அவனுக்குப் பட்டப்பெயரே 'கோச்'. முதல் தடவை இது காதுக்கு வந்தபோது லவான் சிரித்தாள். பத்தாவது தடவை சிரிக்கவில்லை.

மார்ச்சில் மெர்ல் மாரடைப்பில் போனான். ஜூலையில் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம். காலஞ்சென்ற திரு. டிட்மரின் தீராத ஆர்வத்துக்கு நன்றி. அவருடைய இருக்கைகள் காத்திருப்போர் பட்டியலுக்குப் போகின்றன.

முப்பத்து மூன்று வருஷம் பள்ளிப் பேருந்து ஓட்டியவள் லவான். பின்னால் நாற்பது பிள்ளைகள் கும்மாளம் போட, முன்னால் பனி கொட்ட, ஒரு கையால் வண்டியைத் திருப்பிக்கொண்டே ஒரே அதட்டலில் அத்தனையையும் அடக்குகிற குரல். அந்தக் குரலோடு டிக்கெட் அலுவலகத்துக்குப் போனாள். பிரேடன் என்று பெயர்ப்பட்டை குத்திய ஒரு பையன்தான் அங்கே இருந்தான்.

"சார் பேர்லதான் கணக்கு இருக்கு மேடம். உங்க பேரு எங்கயுமே இல்ல."

"வரிசையில நின்னு வாங்கினது நான்யா."

"புரியுது மேடம். ஆனா இறந்து தொண்ணூறு நாளுக்குள்ள மனைவி எழுதிக் கொடுக்கணும். இப்போ நூத்திப் பத்து நாள் ஆயிடுச்சு."

"உங்க கடுதாசியே நூறாவது நாள்தானே வந்துச்சு?"

பையன் திரையைப் பார்த்தான். விரல்விட்டும் எண்ணினான். "ஆமா மேடம். சார் போனதுல எங்க எல்லாருக்கும் ரொம்ப வருத்தம்."

"உனக்கு அவரைத் தெரியுமா?"

"இல்ல மேடம்."

"அப்புறம் என்ன வருத்தம்?"

பையன் மேசையிலிருந்து ஒரு விளம்பரத் தாளை எடுத்தான். பிறகு நல்லது செய்கிற முகத்தோடு, "வடக்கு வாசல் நடைபாதையில சார் பேர் பொறிச்சு ஒரு கல் பதிக்கலாம் மேடம். உங்களுக்குச் செலவே இல்ல," என்றான்.

"என் இடத்தைப் பிடுங்கிக்கிட்டு அவன் பேர்ல கல்லு வைப்பியா? நான் என்ன, அந்தக் கல்லு மேல உக்காந்து ஆட்டம் பாக்கணுமா?"

வெளியே கார் நிறுத்துமிடம்வரை அவள் போட்ட சத்தம் கேட்டதாக அப்புறம் ஊரில் சொன்னார்கள்.

செப்டம்பரில் முதல் ஆட்டத்துக்கு வெண்டல் கூப்பிட்டார். முப்பத்தெட்டாம் வரிசையில் ஒன்பதும் பத்தும் அவருடையவை. ஓய்வுபெற்ற தபால்காரர், கறுப்பு மனிதர், முப்பது வருஷமாக லவானோடு வாய்ச்சண்டை போட்டுக்கொண்டே ஆட்டம் பார்த்தவர். இடுப்பெலும்பு அறுவைக்குப் பிறகு அவர் மனைவி படியேறுவதில்லை.

"பத்தாம் நம்பர் சும்மாதான் இருக்கு. வா. ஆனா என் காதுப் பக்கம் கத்தாதே," என்றார்.

"உன் காதுலதான் ஏற்கெனவே ஒண்ணும் விழாதே."

போனார்கள். ஏழிலும் எட்டிலும் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். மடிப்புக் கலையாத புதுப் பச்சைச் சட்டை. மரியாதையான ஆட்கள்தான், அதுவே லவானுக்கு எரிந்தது. வசை பாடவாவது ஒரு சாக்கு வேண்டாமா? நூலகக் குன்றிலிருந்து வாத்தியக்காரர்கள் இறங்கி வந்தபோது அந்த அம்மாள் கைபேசியில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தாள். ஊரே தோளோடு தோள் கோத்துக் கல்லூரிப் பாட்டுப் பாடியபோது அவள் கணவன் சோளப்பொரி வாங்கப் போயிருந்தான்.

பத்து கஜம் நகர நாலே முயற்சிதான்; எதிரணி மூன்றாவது முயற்சிக்கு வந்து நின்றது. அப்போது கேஸ்வெல்லில் உட்கார்ந்திருப்பவன் மனிதனே இல்லை. எதிரணித் தலைவன் சொல்வது அவன் ஆட்களுக்கே கேட்கக்கூடாது, அப்படிக் கத்த வேண்டும். லவான் எழுந்து, பேருந்துச் சாவிக் கொத்தைத் தலைக்கு மேல் குலுக்கிக்கொண்டு அடிவயிற்றிலிருந்து கூவினாள்.

எட்டாம் இருக்கை அம்மாள் வெண்டல் பக்கம் சாய்ந்து, "சார், அவங்களைக் கொஞ்சம் உக்காரச் சொல்றீங்களா?" என்றாள்.

"முப்பது வருஷமா நானும் சொல்லிப் பாக்கறேன் தாயி," என்றார் வெண்டல்.

ஆட்டத்தின் முதல் கால்பகுதி முடிந்தது. வருஷத்தின் முதல் ஆட்டத்தில், அந்த ஆண்டு மறைந்த ரசிகர்களை நினைவுகூர்வது கேஸ்வெல் வழக்கம். தொப்பிகள் எல்லாம் இறங்கும். பெரிய திரையில் ஒவ்வொரு படமாக வரும். ஒரு பெயருக்கு ஒரு தடவை பழைய ஆலை மணியை அடிப்பார்கள். எண்பதாயிரம் பேர் மூச்சுவிடாமல் நிற்கிற அந்த அமைதிக்கு லவானும் எத்தனையோ முறை கண் கலங்கியிருக்கிறாள்.

ஒன்பதாவதாக மெர்ல் வந்தான்.

தொண்ணூற்றெட்டில் உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த படம். மெர்ல் இரண்டு கையையும் ஆகாயத்துக்குத் தூக்கிக்கொண்டு வாயைப் பிளந்திருந்தான். சோம்பல் முறித்த நேரத்தில் எடுத்தது. அவன் பக்கத்தில் நின்று கத்திக்கொண்டிருந்த லவானைக் கத்தரித்துவிட்டிருந்தார்கள். ஓரத்தில் சாவிக் கொத்தைப் பிடித்த ஒரு கை மட்டும் மிச்சம். கீழே பெரிய எழுத்தில்: மெர்ல் டிட்மர், இருபத்திரண்டாம் பகுதியின் குரல்.

மணி அடித்தது. அதன் ரீங்காரம் அடங்குவதற்குள் லவான் எழுந்துவிட்டாள்.

"அது என் குரல்!"

அந்த அமைதியில் அது எதிர்ப்பக்கம்வரை போய் மோதித் திரும்பியது. முன்வரிசைகளில் தலைகள் திரும்பின.

"அந்த மனுஷனுக்கு ஆட்டமே தெரியாது! நாப்பத்தோரு வருஷமா தூங்கினான்! அது என் குரல், என் இடம், என் கையி! அந்தக் கை யாருதுன்னு நினைச்சீங்க?"

"செத்தவனைப் பத்திப் பேசற பேச்சா இது? வெக்கமா இல்ல?" என்று கீழேயிருந்து ஒருவன் கத்தினான்.

"உனக்கு ஏன்டா வெக்கம்? உன்னையா வெட்டி எறிஞ்சாங்க?"

மணியடிப்பவன் கயிற்றைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றான். மஞ்சள் சட்டைக் காவல்காரி படியேறி வந்தாள். அவளுடைய இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு ஏற்றிப்போனவள் லவான். "லவான், வாம்மா. எனக்கு வேற வழியில்ல," என்றாள் தாழ்ந்த குரலில். லவான் யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தாள். சுரங்க வழிக்குள் நுழையும்போதுதான் பத்தாவது மணி கேட்டது.

வாசலுக்கு வெளியே அவளுடைய கோட்டைத் தூக்கிக்கொண்டு வெண்டல் வந்து சேர்ந்தார். 

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. பிடிக்காத ஆட்டத்துக்கு நாப்பத்தோரு வருஷம் வந்தானே அந்த ஆளு. முட்டி வலியோட, சூப்பு ஃபிளாஸ்க்கைத் தூக்கிக்கிட்டு அத்தனை படி ஏறினானே. யாருக்காக?"

"எனக்காகத்தான். எனக்குத் தெரியாதா?" அவள் குரல் தணியவில்லை. "அதுதான்யா எரியுது. 'என் பொண்டாட்டிக்காக வரேன், ஆட்டம் தெரிஞ்சவ அவதான்'னு ஒரு தடவை, ஒரே ஒரு தடவை அந்த முடிவெட்டற கடையில சொல்லியிருந்தா நாக்கு அறுந்தா போயிருக்கும்? எல்லாம் செஞ்சான். அதை மட்டும் செய்யல."

வெண்டல் கோட்டை அவள் தோளில் போட்டுவிட்டு ஆட்டம் பார்க்க உள்ளே போகாமல் அங்கேயே நின்றார்.

யாரோ எடுத்த காணொளி அன்று மாலையே ஊர் சுற்றியது. டேரல் போன் செய்தான்.

"அந்தப் படத்தை அனுப்பினது நான்மா. உனக்குச் சந்தோஷமா இருக்கட்டும்னு. அப்பாவை ஊர் முன்னாடி இப்படி அசிங்கப்படுத்திட்டியே."

"என்னை வெட்டினதும் நீதானா?"

"உன் முகம் கோணலா இருந்துச்சு. கத்திக்கிட்டிருந்தே."

"அந்தக் கத்தலுக்குத்தான்டா எழுதியிருந்தாங்க, குரல்னு!"

அவன் வைத்துவிட்டான். நவம்பர் பண்டிகையான நன்றி தெரிவிக்கும் நாள்வரை மகன் பேசவில்லை, தாயும் கூப்பிடவில்லை.

பல்கலைக்கழகத்திலிருந்து ஒரு பெண் போனில் தேன் சொட்டப் பேசினாள். ஒரு ஆட்டத்துக்குப் பல்கலைக்கழகத் தலைவரின் கண்ணாடி அறையில் விருந்தினராக வரலாமாம், சாப்பாடு உண்டாம். "கண்ணாடிக்குப் பின்னாடி கத்தினா எவனுக்கும்மா கேக்கும்?" என்று கேட்டாள் லவான். இருக்கையைத் திருப்பிக் கொடுக்க வழியே இல்லை என்று அந்தப் பெண் நாலு விதமாகச் சொன்னாள். ஐந்தாவது விதத்துக்குக் காத்திராமல் லவான் அலுவலகத்துக்குப் போய், எது மிச்சமோ அதைக் கொடு என்றாள். மேல்தளத்தில் கடைசி மூலை, காற்று நேராக முகத்தில் அறைகிற இடம். ஒரே இருக்கை. வாங்கிக்கொண்டு வந்தாள்.

நவம்பரில் டேரல் வந்தான். வான்கோழி வெட்டும்போது, குனிந்தபடியே, "அப்பா பேசினதெல்லாம் உன் வார்த்தைன்னு எனக்குத் தெரியாதும்மா," என்றான்.

"கேட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்," என்றாள். தொடைக்கறியை அவன் தட்டில்தான் வைத்தாள். ஆனால் கோபம் போய்விட்டதாகச் சொல்லவில்லை, போகவும் இல்லை.

அந்தச் சனிக்கிழமை கடைசி ஆட்டம். பனியும் மழையும் கலந்து ஊசியாகக் குத்தியது. ஆறு நிமிஷம் மிச்சம், நாரைகள் மூன்று புள்ளி பின்னால், கடைசி முயற்சி, போக வேண்டியது இரண்டே கஜம். பயிற்சியாளர் பந்தை உதைத்து எதிரணியிடமே கொடுக்கச் சொன்னார்.

"ரெண்டு கஜம்!" லவான் துள்ளி எழுந்தாள். "ரெண்டு கஜத்துக்கு எவனாவது பந்தைத் தூக்கிக் கொடுப்பானா? நான் படுத்து உருண்டாலே ரெண்டு கஜம் வருமே!"

பக்கத்து இருக்கையில் தீவனக் கம்பெனித் தொப்பி போட்ட ஒருவர், "அதுதான்மா பாதுகாப்பு," என்றார்.

"பாதுகாப்பு வேணும்னா போர்வையைப் போத்திக்கிட்டு வீட்ல படுத்திருக்கணும். இங்க எதுக்குய்யா வந்தான்?"

 நாரைகளுக்கு அப்புறம் பந்து திரும்பி வரவே இல்லை. கூட்டம் கலைந்து, வாத்தியக்காரர்களும் போன பிறகு, லவான் வளைந்து வளைந்து இறங்கும் சாய்தளத்தில் ஏழு தளமும் தனியாக இறங்கி வந்தாள். கடைசித் தளம்வரை பயிற்சியாளரின் பரம்பரையையே வாய்விட்டுத் திட்டிக்கொண்டு வந்தாள்.