டம்ளரின் அடிப்பக்கம்

முப்பது வருடம் அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்த எனக்கு, ஆட்களின் முகத்துக்கு முந்தி கைகள்தான் கண்ணில் படும். தருமபுரி–பொம்மிடி வண்டியில் காலாவதியான பாஸ் வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதை ஒரே மாதிரிதான் காட்டுவார்கள். தேதியின் மேல் கட்டைவிரல் இருக்கும். "கட்டைவெரல எடுங்க" என்று மட்டும் சொல்வேன். பாதிப் பேர் அதற்குள் சில்லறை தேட ஆரம்பித்திருப்பார்கள். ஓய்வு பெற்ற பிறகும் இந்தப் புத்தி போகவில்லை. வீட்டில் எல்லோருக்கும் என் மேல் எரிச்சல்தான்.

எங்கள் ஒரே மகள் ஜப்பானில் வேலை பார்க்கிறாள். ஓசூரில் ஒரு கம்பெனியில் சேர்ந்து, அங்கிருந்து போனவள். போன வருடம் வேறு பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள் என்றாள். அந்த ஊரில் காலங்காலமாக மரக்கிண்ணங்களுக்குப் பூசிவந்த ஒரு மரப்பாலை இப்போது ஸ்டீல் காபி டம்ளர், செல்போன் கவர், காரின் கியர் குமிழ் மேலெல்லாம் பூசி விற்கிறார்களாம். அரக்கா என்று கேட்டேன். இல்லை, மரத்தைக் கீறி எடுக்கும் பால் என்றாள். பூசியதை வெயிலில் வைக்கக் கூடாதாம், ஈரமான அறையில் வைத்தால்தான் காயுமாம். ஐப்பசி மழையில் என் காக்கிச் சட்டை மூன்று நாள் காயாமல் நாறியதைப் பார்த்தவன் நான். என்னிடமே கதை விடுகிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அந்தக் கதையோடு முழுக்கைச் சட்டையும் சேர்ந்துகொண்டது. வீடியோ காலில் எப்போது வந்தாலும் மணிக்கட்டுவரை மூடியிருந்தாள். அங்கே கோடைக்காலம், வியர்க்கிறது என்று அவளே புலம்புவாள். முடியை ஒதுக்கக் கையைத் தூக்கும்போதுகூடச் சட்டை நுனியை விரலால் பிடித்துக்கொண்டாள். எவனோ ஒருவனின் பெயரைப் பச்சை குத்தியிருக்கிறாள் என்று முடிவு கட்டினேன். மனைவியிடம் சொன்னபோது, "பெத்த புள்ளகிட்டயும் டிக்கெட் கேக்காதீங்க" என்றாள். எனக்கு உண்மையில் பயமாக இருந்தது. எதையோ மறைக்கிறாள். ஆளா, நோயா, வேலை போய்விட்டதா என்று தெரியாமல் சோறு இறங்கவில்லை.

அப்போதுதான் பார்சல் வந்தது. உள்ளே மூடி போட்ட ஒரு காபி டம்ளர். உள்பக்கம் ஸ்டீல், வெளியே கன்னங்கரேலென்று முகம் தெரிகிற பளபளப்பு. தட்டிப் பார்த்தேன், நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்டு ஃபேன்சி கடையில் இதே போல அடுக்கி வைத்திருக்கிறார்கள். மேலே இருப்பது பிளாஸ்டிக், மரப்பாலும் பொய், அந்த வேலையும் பொய் என்று மனம் ஓடியது.

மனைவி சந்தைக்குப் போன நேரத்தில் கோணி ஊசியை அடுப்பில் காய்ச்சினேன். மகள் சின்ன வயதில் ஆசையாக வாங்கி வந்த மரப் பொம்மை முதல் எல்லாவற்றுக்கும் எங்கள் வீட்டில் இதுதான் சோதனை. பிளாஸ்டிக் என்றால் சூட்டு ஊசி சட்டென்று இறங்கும். வெளியில் தெரியாமல் இருக்கட்டும் என்று டம்ளரைக் கவிழ்த்து அடியில் அழுத்தினேன். ஊசி இறங்கவில்லை. கொஞ்சம் புகை வந்தது, பழக்கமில்லாத ஒரு நாற்றம், மிளகளவில் ஒரு தழும்பு. எண்ணெய் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. நிமிர்த்தி அலமாரியில் வைத்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அவள் கூப்பிட்டாள். டம்ளர் வந்துவிட்டது என்றதும் முகமெல்லாம் சிரிப்பு. என்னால் பொறுக்க முடியவில்லை. சட்டையை ஏற்றிக் கையைக் காட்டு என்றேன். சிரிப்பு நின்றது. கொஞ்சம் தயங்கி ஏற்றினாள். பெயரும் இல்லை, பச்சையும் இல்லை. மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை ஆறியதும் ஆறாததுமாகக் கொப்புளங்கள்.

மனைவி போனை வாங்கிப் பார்த்துவிட்டு, சேராங்கொட்டை பட்ட மாதிரி இருக்கிறதே என்றாள். சலவைக்காரர் என் யூனிஃபார்மில் குறி போடுகிற கொட்டைதான் அது, அதன் பால் தோலில் பட்டால் இப்படித்தான் பொங்கும். மகள் தலையாட்டினாள். இரண்டும் ஒரே வகை மரம்தானாம். புதிதாகச் சேருகிறவர்கள் நிறையப் பேருக்கு வருமாம், பழகினால் குறைந்துவிடுமாம். எள்ளை அரைத்துப் பூசச் சொன்னாள் மனைவி. ஏன் மறைத்தாய் என்று நான் கேட்டேன்.

"சொன்னா வூட்டுக்கு வந்துருன்னு சொல்லுவீங்கப்பா. எனக்கு இந்த வேல புடிச்சிருக்குது."

சொல்லியிருப்பேன்தான்.

பிறகு அவளுக்குப் பழைய உற்சாகம் வந்தது. டம்ளரின் பக்கவாட்டையெல்லாம் கை தேர்ந்தவர்கள்தான் பூசுவார்களாம். புதியவர்களுக்கு அடிப்பக்கம் மட்டும்தானாம். மாதக்கணக்கில் அவள் பூசியதையெல்லாம் தேய்த்து எடுத்துவிட்டு, சரி என்று அவர்கள் ஒத்துக்கொண்ட முதல் டம்ளர் இதுவாம்.

"அடிய காட்டுங்கப்பா. அது மட்டும் நான் பூசுனது."

அலமாரியிலிருந்து எடுத்து வந்தேன். கவிழ்த்து, விரலை வைக்க வேண்டிய இடத்தில் வைத்துப் போனுக்கு நேராகப் பிடித்தேன். கண்ணாடி மாதிரி இருக்கிறது என்று வேறு சொன்னேன். அவள் திரைக்குப் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"கட்டைவெரல எடுங்கப்பா."

எடுத்தேன். எங்கள் வீட்டில் வளர்ந்தவளுக்கு ஊசித் தழும்பு தெரியாதா? ஏற்றிவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இறக்கிவிட்டுக்கொண்டாள்.