அண்ணை தேர்ந்த ரவை

எங்கள் அண்ணை எம்மைப் பிரிந்து ஓராண்டாகிறது. இந்த நினைவு மலருக்கு எழுதும்படி சித்தப்பா என்னைக் கேட்டபோது, "நல்லதாய் நாலு சொல்லு எழுது பிள்ளை. அந்தத் துவக்குக் கதையை மட்டும் விட்டிடு" என்றார். முயல் சுட்ட அந்தத் துவக்கை விட்டால் அண்ணையின் மொன்றியல் வாழ்க்கையில் பாதியை விட்டதாகிவிடும். ஆகவே அதைத்தான் எழுதுகிறேன். சித்தப்பா பொறுத்தருள வேண்டும்.

அண்ணை யாழ்ப்பாணக் கரையோரத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார். மீசை அரும்பும் வயதில் அப்பாவோடு கடலுக்குப் போகத் தொடங்கினார். அப்படிப் போன ஒரு விடியலில் அப்பா துவக்குச் சூடு பட்டார். வயிற்றில் பட்டது. வள்ளத்தைக் கரைக்குக் கொண்டுவந்த பிறகும் வாகனம் கிடைக்கவில்லை. மத்தியானம் வரை அப்பா மணலில் கிடந்தார். தலையை மடியில் தாங்கியிருந்தவர் அண்ணை. அப்பா தண்ணீர் கேட்கவில்லை. "முடிச்சு விடடா, முடிச்சு விடடா" என்றுதான் கேட்டாராம். இதை அண்ணை என்னிடம் வாழ்நாளில் ஒருமுறைதான் சொன்னார்.

பிறகு அகதியாக மொன்றியல் வந்தார். பார்க் எக்ஸ்டென்ஷனில் ஓர் அறையில் இருந்துகொண்டு அம்மாவையும் என்னையும் அழைப்பித்தார். ஜான்-டலோன் சந்தையில் அப்பிள் விற்கும் கடையில் பெட்டி தூக்கினார். கடைக்காரரின் தோட்டம் ஆற்றுக்கு அப்பால், தெற்கே இருந்தது. அண்ணையின் கைவேலையைப் பார்த்த முதலாளி, இரண்டாயிரத்தை ஒட்டிய ஒரு பனிக்காலத்தில் அவரை மரம் கத்தரிக்கத் தோட்டத்துக்கு அழைத்துப் போனார்.

பனி மூடியதும் முயல்களுக்குத் தின்ன எதுவும் இருக்காது. இளம் அப்பிள் மரங்களின் பட்டையைச் சுற்றிவரக் கடித்துவிடும். பட்டை போனால் மரம் சாகும். அதனால் முயல்களைச் சுடும் பொறுப்பை முதலாளி தன் மருமகனிடம் விட்டிருந்தார். அந்த மனிதர் மொத்தமாக விற்கும் மலிவான துவக்கு ரவைகளை வாங்கி வைத்துக்கொண்டு, எந்தத் தூரத்திலிருந்தும், முயலின் எந்தப் பக்கம் தெரிந்தாலும் சுடுவார். சுட்டுவிட்டுச் சிரிப்பார். முயல் கத்தும் என்பது அதுவரை அண்ணைக்குத் தெரியாது. கைக்குழந்தை வீரிடுவது போல இருந்ததாம். பின்னங்கால்கள் செயலிழந்த ஒன்று முன்னங்கால்களால் தன்னை இழுத்துக்கொண்டு அடுக்கியிருந்த அப்பிள் பெட்டிகளுக்குக் கீழே போய்விட்டது. மருமகன் கோப்பி குடிக்கப் போய்விட்டார். அண்ணை பெட்டிகளை ஒவ்வொன்றாக நகர்த்தி, அதை எடுத்து, தன் கையால் முடித்தார்.

அன்றே முதலாளியிடம் போய், இனி முயலைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார். "உங்கள் நாட்டில் எல்லோருக்கும் சுடத் தெரியுமாமே" என்று முதலாளி பிரெஞ்சில் பகிடி விட்டாராம். "எங்களுக்குச் சூடு வாங்கத்தான் தெரியும், முசியே" என்றாராம் அண்ணை.

வகுப்புக்குப் போய், பரீட்சை எழுதி, துவக்கு வைத்திருப்பதற்கான அனுமதியை முறைப்படி எடுத்தார். ரவை வாங்கப் புவாண்ட்-கிளேர் பக்கம் ஒரு கடைக்கு நான்தான் காரில் கூட்டிப்போனேன். எல்லோரும் 'ருவென்ரி ரூ', அதாவது இருபத்திரண்டு, என்று சொல்லும் மிகச் சிறிய ரவைதான். அதற்குள் இத்தனை வகை இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கடைக்காரர் வேகமானதை எடுத்து நீட்டினார். அண்ணை வேண்டாம் என்று தலையாட்டினார்.

"வேகமானது நல்லதுதானே அண்ணை?" என்று நான் கேட்டேன்.

"வேகம் எனக்கெதுக்கு? முழு ஈயத்தில செய்தது முயலைத் துளைச்சுக்கொண்டு மற்றப் பக்கத்தால போயிடும். அது ஓடிப்போய் எங்கையோ கிடந்து சாகும். முனையில குழி உள்ளது பட்டவுடனை உள்ளுக்கை விரியும். அதுவும் மெதுவாப் போறதெண்டால் சத்தம் குறைவு, பக்கத்தில நிக்கிறதுகளும் வெருளாது."

"அப்ப அதை வாங்குங்கோவன்."

"எந்தக் கொம்பனி எண்டு துவக்கெல்லோ சொல்லவேணும்."

குழிமுனை ரவைகளில் வகைக்கொரு பெட்டி வாங்கினார். அப்பிள் பெட்டியில் கடதாசி ஒட்டி, இருந்த இடத்தை விட்டு அசையாமல் ஒவ்வொரு வகையையும் சுட்டுப் பார்த்தார். விலை கூடிய ஒன்று அவருடைய துவக்கில் அங்கும் இங்கும் சிதறியது. அடக்கமான விலையில் ஒன்று ஒரே இடத்தில் போய் விழுந்தது. அதையே எடுத்தார். கால் டொலர் நாணயக் குற்றியின் அளவுக்குள் ரவை விழும் தூரம் எதுவோ, அதற்கு அப்பால் நிற்கும் முயலைச் சுடமாட்டார். தலை தெரியாவிட்டாலும் சுடமாட்டார். கோடையில் பொந்து தோண்டும், முயலைவிடப் பருத்த மார்மொட்டுக்கு இந்த மெதுவான ரவை போதாது என்று, அதே குழிமுனையில் வேகம் கூடியதைத் தனியாக வைத்திருந்தார். அதையும் கிட்டப் போய்த்தான் சுடுவார். சுடாமல் திரும்பிய நாட்களே அதிகம். முதலாளி முணுமுணுத்தார். ஆனால் அந்தத் தோட்டத்தில் பிறகு முயல் கத்திக் கேட்கவில்லை.

நம்மவர்களே, நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

துவக்கு அனுமதி எடுத்த தமிழன் என்றதும், அவர் ஊரில் எந்த இயக்கத்தில் இருந்தார், எத்தனை பேரைப் போட்டார் என்று மாதா கோவில் வாசலில் கணக்குப் பார்க்கப்பட்டது. அண்ணை ஓர் இயக்கத்திலும் இருந்ததில்லை. ரொறன்ரோவில் அவருக்கு ஒரு சம்பந்தம் பேசி, இரு வீட்டாரும் சம்மதித்து, கூறைச் சேலையும் எடுத்த பிறகு, மொன்றியலிலிருந்து பெண் வீட்டுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு போனது. "உயிர் எடுக்கிறதைத் தொழிலாச் செய்யிறவனுக்கோ பிள்ளையைக் குடுக்கப்போறியள்?" என்று கேட்கப்பட்டது. பெண்ணின் தகப்பனார் அந்த வார்த்தைகளை மாற்றாமல் அம்மாவிடம் சொன்னார். யார் சொன்னது என்பதையும் சொன்னார். கலியாணம் நின்றது. அண்ணை பிறகு கலியாணப் பேச்சை எடுக்கவிடவில்லை. அழைத்தவர் யார் என்று நான் இங்கே எழுதவில்லை. இந்த மலரின் ஒரு பிரதி அவருக்கும் போகிறது.

அதன் பின் வந்த ஒரு தை மாதத்தில் குளிர் என்றுமில்லாதபடி இறுகியது. அந்தக் குளிரில் மெதுவான ரவை இன்னும் மெதுவாகி, வழமையான குறிக்குக் கீழே விழும் என்பதை அண்ணை அன்றுதான் அறிந்தார். தலைக்கு வைத்த குறி தாடையில் பட்டது. முயல் வேலியைத் தாண்டி ஓடியது. அண்ணை கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு, துவக்கு விசையில் விரலுடன், இரத்தச் சொட்டுகளைப் பின்தொடர்ந்து நடந்தார். பொழுது சாயும் வேளையில்தான் அது கிடைத்தது. உயிர் இருந்தது. முடித்தார். திரும்பி வந்தபோது கையில் உணர்வில்லை. இரண்டு விரல்களின் நுனி கறுத்து, வெட்டி எடுக்க நேர்ந்தது.

"முயலுக்கு விரல் குடுத்த விசரன்" என்று சொல்லிச் சிரித்தீர்கள். அண்ணையும் சேர்ந்து சிரித்தார். மற்ற விரலால் சுடப் பழகினார். கடுங்குளிர் நாட்களில் முதலில் கடதாசியில் சுட்டுக் குறியைத் திருத்தாமல் பிறகு அவர் தோட்டத்துக்குள் இறங்கியதே இல்லை.

ஒரு வைகாசியில் கணையத்தில் புற்றுநோய் என்று கண்டபோது எல்லாம் பிந்திவிட்டது. மருந்து வலியைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பியது. பெரிய உடம்பு படுக்கை விரிப்பின் ஒரு மடிப்பைப் போல ஆனது.

"தங்கச்சி, முயலெண்டால் ஒரு வெடியோடை விட்டிருப்பன்" என்றார் ஒருநாள்.

"அப்பிடிக் கதையாதேங்கோ அண்ணை."

"கதைக்காமல் விட்டால் நோ குறையுமோ?"

பங்குச் சுவாமி வந்து, வேதனையும் ஆண்டவர் தரும் வரம்தான் என்று ஆறுதல் கூறினார். அண்ணை கண்ணைத் திறந்தார். "வரமெண்டால் பாதியை நீங்கள் எடுங்கோ, ஃபாதர்" என்றார். சுவாமி செபமாலையைப் பைக்குள் வைத்துவிட்டு, நுனியில்லாத அந்த விரல்களைப் பிடித்தபடி நெடுநேரம் இருந்தார். அதற்காக அவரை நான் என்றும் மறவேன்.

அப்பாவைப் போலவே அண்ணையும் ஒரு மத்தியான வேளையில் போனார். அவருக்கு விடியலிலிருந்து அல்ல, வைகாசியிலிருந்து அந்த மத்தியானம் வரை எடுத்தது.

நன்றி சொல்லும் கடமை எனக்குண்டு. கடைசி வாரங்களில் அண்ணையைத் திருப்பிப் படுக்க வைக்கும்போதெல்லாம் முதலில் தன் கைகளைச் சூடாக்கிக்கொண்ட ஹெய்ற்றி நாட்டுத் தாதிக்கு நன்றி. சேற்றுச் சப்பாத்தோடு வந்து, தமிழில் நடந்த அடக்கப் பூசையில் ஒன்றும் விளங்காமல் முடிவுவரை நின்ற முதலாளிக்கு நன்றி. பெட்டியைத் தூக்கிய சந்தைத் தோழர்களுக்கு நன்றி. துவக்கையும் மிஞ்சிய ரவைகளையும் பொலிசில் ஒப்படைக்க என்னோடு வந்த சித்தப்பாவுக்கும் நன்றி.

முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு வந்த உறவினர் அனைவருக்கும் குடும்பத்தின் சார்பில் நன்றி கூறுகிறேன். நோயில் கிடந்த அந்த மாதங்களில் அண்ணையின் கட்டிலருகே நான் தனியே இருந்தேன். அன்றைக்கோ வீடு கொள்ளாமல் வந்தீர்கள். உங்களை இருத்தப் பக்கத்து வீடுகளில் கதிரை இரவல் வாங்கினேன்.

தங்கை