விசில் மாஸ்டரின் ரத்த ரிப்போர்ட்

என் அக்கா வீட்டுக்காரர் பள்ளிக்கூடத்தில் விளையாட்டு மாஸ்டர். மைதானத்தின் இந்தக் கோடியில் அவர் விசில் ஊதினால் அந்தக் கோடியில் தூங்கும் நாய் எழுந்து வரிசையில் நிற்கும். அப்படிப்பட்டவருக்கு நாலு வருடமாக மூச்சு வாங்குகிறது. இப்போது விசிலில் வெறும் காற்றுதான் வருகிறது. பிள்ளைகள் பாவம் பார்த்துத் தாங்களாகவே ஓடத் தொடங்கிவிடுகிறார்கள்.

சிகரெட்டைத் தொட்டதே இல்லை என்பார் அத்தான். யார் நம்புவது? பார்த்த டாக்டர்களெல்லாம் முதலில் கேட்டதே, "எத்தனை வருஷமா பிடிக்கிறீங்க?" என்றுதான். அக்காவோ மொட்டைமாடிப் பூந்தொட்டியைக் கிளறி, சிகரெட் துண்டுகளைப் பொட்டலம் கட்டி, அவர் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைப்பாள். அவர் சத்தியம் பண்ணுவார். பாதிச் சத்தியத்தில் இருமல் வந்துவிடும். அவர்களுடைய மகன், வேலைக்குப் போகிற பையன், தலை நிமிராமல் சாப்பிடுவான். நான் அக்கா கட்சி.

போன மாதம் புதிதாக ஒரு டாக்டரம்மாவைப் பார்த்தோம். "இந்த நோய்க்கு எல்லாருக்கும் ஒரே காரணம், ஒரே மருந்துன்னு இல்ல. உங்களுக்கு எதனாலன்னு பார்த்துட்டு மருந்து தரேன்" என்று ரத்தம் எடுத்து மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு கேட்க என் ஸ்கூட்டரில் போனோம்.

"நுரையீரலைக் காப்பாத்துற ஒரு புரதம் உங்க ரத்தத்துல பிறவியிலேயே ரொம்பக் கம்மி. சிகரெட் பிடிக்காமலே இது வரும். அந்தப் புரதத்தையே வாராவாரம் ஏத்திப் பார்க்கலாம்" என்றார். "உங்க பையனுக்கும் டெஸ்ட் எடுக்கணும். இந்தக் குறை அவருக்கும் கொஞ்சமாவது வந்திருக்கும். சிகரெட்டும் சேர்ந்தா நுரையீரல் சீக்கிரமே கெட்டுடும்."

"அவன் நல்ல பையன் டாக்டர்" என்று சொல்லிவிட்டு அத்தான் ரிப்போர்ட்டை நகல் எடுக்க ஓடினார். ஒன்று அக்காவுக்கு, இன்னொன்று பள்ளிக்கூட அறிவிப்புப் பலகைக்கு.

"மாப்ளே, இன்னிக்கு உங்க அக்கா மூஞ்சியைப் பாக்கணும்" என்று வழியெல்லாம் பின்சீட்டில் துள்ளிக்கொண்டு வந்தார்.

வீட்டுக்கு வந்ததும் அக்காவோடு மகனையும் உட்காரவைத்து, ரிப்போர்ட்டைக் கடைசி வரி வரை வாசித்தார். அக்கா நிதானமாகக் கேட்டாள்: "சரி, அப்ப தொட்டியில கிடந்ததெல்லாம் யார் பிடிச்சது?"

அந்த வீட்டில் ஆண்பிள்ளைகள் இரண்டே பேர். அத்தான் மகனைப் பார்த்தார். அவன் முகம் வெளுத்திருந்தது. டாக்டரம்மா சொன்ன மீதிப் பாதி அப்போதுதான் அவருக்கு உறைத்தது.

அவர் காகிதத்தை மடித்தார். "நான்தான் பிடிச்சேன்."

"பாத்தியாடா, நான் அப்பவே சொல்லல?" என்று என்னிடம் சொல்லிவிட்டு அக்கா அடுப்படிக்குப் போனாள்.

"அப்பா..." என்றான் மகன்.

"காலையில டெஸ்டுக்கு ரத்தம் குடுக்க என்கூட வர்ற. இப்ப பையில இருக்கிறதை எடு" என்று கையை நீட்டினார்.

அவன் சிகரெட் பெட்டியை அந்தக் கையில் வைத்த நேரம், அக்கா தண்ணீரோடு திரும்பி வந்தாள். கையும் களவுமாகப் பிடிபட்ட அத்தான், நாலு வருடத்தில் முதல் முறையாக, சத்தியம் பண்ணவில்லை.